முடிச்சவிழ்க்கிகளும் வழிப்போக்கர்களும்



கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கான எச்சரிக்கை என்று ஒரு நீண்ட செய்தி நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே நாளில் வந்தது. பாரிஸ், ரோம், பார்சிலோனா ஆகிய ஊர்களில் பிக்பாக்கெட் அதிகம், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று பெரும்பாலும் நல்ல விஷயங்கள்தான். நம் உறவிலேயே ஒருவர், மகளைப் பார்க்கப் போன இடத்தில், பாரிஸ் மெட்ரோ ரயிலில் ஏறும்போது கைப்பையில் இருந்த பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் பறிகொடுத்துவிட்டு நின்றார். அதனால் அந்தச் செய்தியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் அதன் நடுவில் ஒரு வரி இருந்தது: "ஜிப்சிகளைக் கண்டால் விலகிப் போங்கள், அவர்கள் பிறவித் திருடர்கள்." அதற்கு மட்டும் நாற்பது பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. குழுவிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல். கோபத்தில் நம் ஊர்ப்பக்கம் "முடிச்சவிழ்க்கிப் பயலே" என்று திட்டுவார்கள். பலருக்கு அதன் பொருள் தெரியாது. அந்தக் காலத்தில் சட்டையும் இல்லை, ஜேப்பும் இல்லை. காசை வேட்டி மடியிலோ புடவை முந்தானையிலோ முடிந்து வைப்பார்கள். கூட்டத்தில் அந்த முடிச்சை நைசாக அவிழ்க்கிறவன் முடிச்சவிழ்க்கி. அவனையே முடிச்சுமாறி என்றும் சொல்வார்கள். ஜேப்பு வந்த பிறகு அவன் ஜேப்படித் திருடன் ஆனான், ஆங்கிலம் வந்த பிறகு பிக்பாக்கெட் ஆனான். ஆங்கிலத்திலும் இதே கதைதான். இடுப்பில் தொங்கிய பணப்பையை அறுத்தவனுக்கு அங்கே முதலில் பை அறுப்பவன் என்று பெயர், சட்டைப்பை வந்த பிறகுதான் இன்றைய பெயர். உடை மாற மாறத் தொழிலும் மாறியிருக்கிறது, தொழில் நின்றதே இல்லை.

தண்டனை கடுமையாக இருந்தால் நின்றுவிடும் என்பவர்களுக்கு இங்கிலாந்தைச் சொல்லலாம். ஜேப்படி செய்தால் தூக்கு என்று 1565இல் சட்டம் போட்டார்கள். சாமுவேல் ரோமிலி என்ற வழக்கறிஞர் பாராளுமன்றத்தில் போராடி 1808இல்தான் அதை நீக்க வைத்தார். இடைப்பட்ட இருநூற்று நாற்பது ஆண்டுகளில், தூக்குத் தண்டனையை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படி நடந்தது. அவனுக்கு வேண்டியது கூட்டமும் பராக்குப் பார்க்கும் ஆட்களும்தான். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தில், எல்லாரும் கைகூப்பி அம்மனைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதுதான் அவனுக்கு நேரம். பாரிசில் மோனலிசா படத்தின் முன்னாலும் அதே நிமிடம்தான். 2013 ஏப்ரலில் பிக்பாக்கெட் தொல்லை தாங்க முடியாமல் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள், ஒரு நாள் முழுக்க அருங்காட்சியகம் மூடிக் கிடந்தது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். வழிப்பயணத்தில் என்ன ஆபத்து, எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் பழைய நூல் நம் கைக்கெட்டும் தூரத்துச் சாலையைப் பற்றியே இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போய், அதற்கும் மேற்கே போனால் வரும் செங்கம்தான் அதில் வரும் நன்னனுடைய ஊர். அங்கே போகும் கூத்தருக்குப் புலவர் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதீர்கள், தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள் மேல் படாமல் பாருங்கள், வழுக்கும் பாறையில் அக்கம்பக்கம் பார்க்காமல் நடங்கள், இருட்டிவிட்டால் குகையில் தங்கி விடிந்த பிறகு கிளம்புங்கள் என்று ஒரு பெரியவர் பேருந்து நிலையத்தில் நின்று சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டே போகிறார். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறார். அந்தக் காலத்து கூகுள் மேப்!

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் வேறு. வழி தவறிப்போனால் என்ன செய்வது? பாறையில் ஏறி உட்கார்ந்து உங்கள் இசைக்கருவிகளை வாசியுங்கள் என்கிறார் புலவர். காட்டைக் காக்கும் கானவர், ஆற்றில் மூழ்குகிறவர் கூக்குரல் கேட்டு ஓடி வருவதைப்போல் விரைந்து வருவார்கள், தின்னப் பழமும் சூடப் பூவும் தருவார்கள், உங்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவார்கள். அந்நிய ஊரில் அறியாத மனிதரை இப்படிப் பார்த்த நூல் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அதற்காகச் சங்ககாலத்தில் திருட்டே இல்லை என்று பெருமை பேச வேண்டாம். பாலைத்திணைப் பாடல்கள் முழுக்க ஆறலை கள்வர்தான். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையன் நாட்டில் வழிப்பறிக்காரனே இல்லை என்று வருகிறது. கூடவே அங்கே இடி இடிக்காது, பாம்பு கடிக்காது என்றும் வருகிறது. அதனால் அதைப் புலவர் வாக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும், காவல்துறை அறிக்கையாக அல்ல!

அடுத்தது நம் கோட்டைக்கே வந்து சேர்ந்த ஒரு பயணி. 1689 மார்ச்சில் சத்ரபதி சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தம்பி ராஜாராம் மராட்டிய நாட்டில் இருக்க முடியாமல் பன்ஹாலா கோட்டையிலிருந்து கிளம்பி, அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அதன்பிறகு முகலாயப் படை எட்டாண்டு காலம் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது உங்களுக்குத் தெரியும், ராஜகிரியைக் காட்டிப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பயணத்தை அவர் யாத்ரீகர் வேடத்தில் செய்தார். மராத்தியக் குறிப்புகள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி: பெங்களூரில் தங்கியபோது, உடன் வந்த பணியாட்கள் அவர் காலைக் கழுவிவிட்ட விதத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாதாரண யாத்ரீகனுக்கு இவ்வளவு உபசாரமா? செய்தி முகலாய அதிகாரிக்குப் போயிற்று. கண்டோ பல்லாள் என்ற விசுவாசி நிலைமையைப் புரிந்துகொண்டு, ராஜாராமை ஓரிருவரோடு முன்னால் அனுப்பிவிட்டு, தான் சிலரோடு பின்தங்கிப் பிடிபட்டார். அடி உதை வாங்கியும் "நாங்கள் ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேடம் சரியாக இருந்தது. செல்வாக்கின் பழக்கம் காட்டிக்கொடுத்தது. பார்க்கிறவன் கண்ணுக்கு நாம் என்னவாகத் தெரிகிறோம் என்பதைப் பயணத்தில் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பிரிட்டனில் தெற்காசியக் குடும்பங்களிடம் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும், தீபாவளி நேரத்தில் அங்குள்ள காவல்துறையே நகையைப் பத்திரப்படுத்தச் சொல்லி எச்சரிக்கை விடுகிறது. ஆறு பவுன் சங்கிலியும் வளையலுமாக விமானம் ஏறும் நம் அக்காமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சேத்துப்பட்டு, ஆரணி வழியாகப் போனால் ஆற்காடு நமக்குத் தூரமில்லை. 1807இல் ஆற்காட்டுக்கும் சித்தூருக்கும் இடையில் ஒரு கூட்டத்தில் சிலர் பிடிபட்டார்கள். திருவிதாங்கூர் வரைக்கும் போய், கொள்ளைப் பொருளோடு திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டம் அது. சுருக்குப் போட்டுக் கொல்கிறவர்கள் என்ற பொருளில் இவர்களைப் பான்சிகர் என்றார்கள். வடக்கே தக்கர் என்று பெயர். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த ஷெர்வுட் என்பவர் இவர்களைப் பற்றி 1816இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தால், கொலையைவிட அதற்கு முன்னால் நடக்கிறதுதான் திகிலாக இருக்கும்.

அவர்கள் வழிமறித்து அடிக்கிற கொள்ளைக்காரர்கள் அல்ல. வியாபாரிகளைப் போலவும் சாதாரண வழிப்போக்கர்களைப் போலவும் வருவார்கள். சில சமயம் சிறுவர்களும் உடன் இருப்பார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஊருக்குள் ஆள் அனுப்பி யார் எங்கே போகிறார், கையில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பார்கள். பிறகு சத்திரத்திலோ சாலையிலோ தற்செயலாகச் சந்திப்பதைப்போல் வந்து சேர்ந்துகொண்டு, "நீங்களும் அந்தப் பக்கம்தானா? நாங்களும்தான். வழியில் திருடர் பயம், சேர்ந்தே போவோம்" என்பார்கள். திருடனைக் காட்டியே திருடன் நண்பனானான்.

வடக்கே கங்கைச் சமவெளியில் இதற்கு அதிகம் பலியானவர்களில் ஒரு வகையினர் விடுப்பில் ஊருக்குப் போன சிப்பாய்கள். வருடக்கணக்கில் மிச்சம் பிடித்த சம்பளத்தை மடியில் கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளைப் பார்க்கக் கால்நடையாகப் போனவர்கள். போனவன் போனவன்தான். படையில் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைப்பார்கள், வீட்டில் படையில் இருக்கிறான் என்று நினைப்பார்கள். மாதக்கணக்கில் யாரும் தேடமாட்டார்கள். வளைகுடாவில் இருந்து மகன் பணத்தோடு வருவான் என்று காத்திருக்கும் வீடுகள் நம் தெருவிலும் உண்டல்லவா, அந்த வீடுகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1810 ஏப்ரலில் மேஜர் ஜெனரல் செயின்ட் லெஜர் என்பவர் படைக்கு ஓர் உத்தரவு போட்டார். பயணப் பாதுகாப்பு பற்றி இந்திய மண்ணில் வெளியான மிகத் தெளிவான அரசு ஆவணங்களில் அது ஒன்று என்பேன். இவர்கள் எப்படி வந்து ஒட்டிக்கொள்வார்கள், சுற்றி வளைத்துக் கேள்வி கேட்டு உன் நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வார்கள், நடுநிசி தாண்டியதுமே விடியப்போகிறது என்று பொய் சொல்லி எப்படிக் கிளப்புவார்கள், புகையிலையிலும் வெற்றிலையிலும் சோற்றிலும் ஊமத்தை விதையை எப்படிக் கலப்பார்கள் என்று பச்சையாக விளக்குகிறது. இரவில் பயணம் வேண்டாம், பொழுது விடியாமல் சத்திரத்தை விட்டுக் கிளம்பாதே, அறியாதவர் கொடுப்பதை வாயில் போடாதே, ரொக்கத்தைக் கையில் எடுத்துப் போகாமல் உண்டியலாக வாங்கிக்கொள் என்பது சிப்பாய்க்குச் சொன்ன புத்திமதி.

உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்க வேண்டாம். இது பணத்துக்குப் பதிலாக எழுதித்தரும் சீட்டு. இங்கே ஒரு சாகுகாரரிடமோ செட்டியாரிடமோ பணம் கட்டினால், போகிற ஊரில் அவருடைய ஆள் அதைப் பார்த்துப் பணம் தருவார். வழியில் திருடினவனுக்கு அது வெறும் தாள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா வரைக்கும் இந்த முறையில்தான் பணத்தை நடமாட விட்டார்கள். இன்று வங்கியில் வாங்கும் பயண அட்டை அதன் பேரன். தொலைந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடக்கிவிடலாம்.

கூட்டமாகப் போவதும் ஒரு காவல்தான். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசுவாமி 1830 மே மாதம் காசி யாத்திரைக்குக் கிளம்பினார். திருப்பதி, ஐதராபாத், நாகபுரி வழியாகப் போய், கல்கத்தா வழியாக 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதத்துக்கும் மேல். உடன் போனவர்கள் நூறு பேருக்கும் அதிகம். தெலுங்கில் அவர் எழுதிய காசி யாத்திரைக் குறிப்புகளில் எந்த ஊரில் தங்கலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் பின்னால் வருகிறவர்களுக்காக எழுதிவைத்திருக்கிறார். தஞ்சை சரபோஜி மன்னர் அதற்குப் பத்தாண்டு முன்னால் மூவாயிரம் பேர் பரிவாரத்தோடு காசிக்குப் போனார். காசிக்குப் போகிறவர் கணக்கு வழக்கை முடித்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார் என்று நம் பாட்டிமார் சொல்வது இதனால்தான்.

இனிதான் வரலாறு தடம் மாறுகிறது. அந்த 1810 உத்தரவை மறுபடி பாருங்கள். அது நடத்தையைச் சொல்கிறது. வலிய வந்து ஒட்டுகிறவன், நேரங்கெட்ட நேரத்தில் கிளப்புகிறவன், தின்னக் கொடுக்கிறவன் என்று செய்கையைக் கவனிக்கச் சொல்கிறது. இன்ன சாதி என்பதை வைத்து உஷாராக இருக்கச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கூட்டங்களில் பல சாதியாரும் மதத்தாரும் கலந்திருந்தார்கள்.

1836இல் வந்த சட்டம், ஒருவன் தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று தெரிந்தாலே ஆயுள் தண்டனை என்றது. அவன் என்ன செய்தான் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். கூட்டத்தைச் சேர்ந்ததே குற்றம் என்றது இந்தச் சட்டம். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒரு படி போய், பிறப்பே குற்றம் என்றது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். பதிவு செய்யப்பட்ட சமூகத்தில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பல உயிர்கள் போயின. சட்டம் நாடு முழுதும் நீங்கியது 1952இல். நம் சான்றிதழ்களில் வரும் "சீர்மரபினர்" என்ற சொல் இந்தக் கதையின் மிச்சம்.

அந்தப் பட்டியலில் குறவர்களும் இருந்தார்கள். மலைபடுகடாம் வழிகாட்டச் சொன்ன அந்த மலையின் மக்களுக்கும் அதே பெயர்தான். பழம் கொடுத்து வழிகாட்டியவர்களின் பெயரைத் தாங்கியவர்கள், தாங்களே ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள்.

சட்டம் போய்விட்டது, பார்வை போயிற்றா? நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், மாமல்லபுரம் சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் கட்டிய பணத்தில் ஒருமுறை நூற்றைம்பது ரூபாய் குறைந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் முதலில் ஒரே ஒரு பையனின் பைதான் கொட்டிச் சோதிக்கப்பட்டது. ஏன் அவன் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா டீச்சர், அவங்க ஆளுங்க அப்படித்தான்" என்று பதில் வந்தது. பணம் கடைசிவரை கிடைக்கவில்லை, யார் எடுத்தார் என்றும் தெரியவில்லை. அந்தப் பையன் சுற்றுலாவுக்கு வரவில்லை, அடுத்த ஆண்டு பள்ளிக்கும் வரவில்லை. உங்களில் சிலருக்கு அவனை நினைவிருக்கும், பெயர் வேண்டாம்.

ஜிப்சி என்று அந்தச் செய்தி சொல்கிறவர்கள் ரோமா மக்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பி ஐரோப்பா போனவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் எண்ணும் முறையைக் கேளுங்கள்: இரண்டுக்குத் துய், மூன்றுக்குத் த்ரின், ஐந்துக்குப் பஞ்ச், பத்துக்குத் தெஷ். இந்தி தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். அவர்கள் மேலும் ஐரோப்பாவில் ஒரு குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1926இலேயே அவர்களைக் கண்காணிக்கத் தனிச்சட்டம் போட்டார்கள். ஹிட்லர் காலத்தில் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அங்கே திருடுகிறவர்களில் ரோமாவும் இருக்கலாம், மற்றவரும் இருக்கலாம். கோட் சூட் போட்டுக்கொண்டு, கையில் பயணப் பெட்டியோடு, உங்களைப் போலவே ஒரு சுற்றுலாப் பயணியாகத் தெரிகிறவனைத்தான் நீங்கள் சந்தேகப்படமாட்டீர்கள். பான்சிகர் வியாபாரியாக வந்ததும் அதனால்தான். முகத்தைப் பார்த்து விலகினால், விலகவேண்டிய ஆளின் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

ஆகவே அடுத்த மாதம் கிளம்பும் பெரியம்மா, பெரியப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் செய்கையை மட்டும் சொல்கிறேன். கையெழுத்துப் போடுங்கள் என்று அட்டையை நீட்டுவான், அந்த அட்டைக்குக் கீழே இன்னொரு கை வேலை செய்யும். பாரிஸ் மலைக்கோயில் படிக்கட்டில் கேட்காமலேயே மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பான். சட்டையில் எதையோ கொட்டிவிட்டு, ஐயோ என்று துடைக்க வருவான். கீழே கிடந்த மோதிரம் உங்களுடையதா என்பான். காவலர் என்று சொல்லிப் பர்ஸைக் காட்டச் சொல்வான். நல்ல காவலர் தெருவில் உங்கள் பணத்தை எண்ணமாட்டார், காவல் நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். மெட்ரோவில் கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவான், ரயில் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பாட்டி இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான் இன்று கடையில் பயண பெல்ட் என்று விற்கிறது.

பாஸ்போர்ட் போய்விட்டால் பயந்து அழ வேண்டாம். அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதற்குப் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் இரண்டு புகைப்படமும் தனியாக இன்னொரு பெட்டியில் இருந்தால் வேலை சுலபம். நம் உறவினரிடம் நகல் இருந்தது, மகள் வீட்டு அலமாரியில். நான்கு நாளில் திரும்பி வந்துவிட்டார். அவருக்குத் தூதரகத்துக்கு வழிகாட்டி, மெட்ரோவுக்குச் சீட்டும் எடுத்துக் கொடுத்தவர் மொழி தெரியாத ஒரு பெண்மணி. எந்த நாட்டுக்காரர் என்று கேட்கத் தோன்றவில்லை என்றார்.

உங்கள் வீட்டில் பழைய உண்டியல் சீட்டோ, காசி யாத்திரைக்குப் போன முன்னோர் எழுதிய கடிதமோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். செஞ்சி, மேல்மலையனூர், சேத்துப்பட்டு பக்கத்தில் அப்படிப் போனவர்கள் பற்றிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த எச்சரிக்கைச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவதாக இருந்தால், அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
செஞ்சி